டிரெட்மில்லுக்குப் பின்னால் ஒரு பிஞ்சுக் கை

என் தம்பி மகளுக்கு இப்போது நான்கு வயது. பாலர் பள்ளிக்குப் போகிறாள். பாடச் சொன்னால் கூச்சமில்லாமல் பாடுவாள். ஆனால் வலது கையை விரித்துக் காட்டச் சொன்னால், நடுவிரலும் மோதிர விரலும் முழுதாக நிமிராது. யாராவது "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், "மெஷின் கடிச்சிருச்சு" என்பாள். அந்த மெஷின் வேறு எதுவுமில்லை, வீட்டு ஹாலில் கிடந்த டிரெட்மில். அன்று அவளுக்கு ஒரு வயது பத்து மாதம்.

தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுக்கா, நாலு பேர் வீட்லயாவது இப்படி நடக்காம இருக்கட்டும்" என்றான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு நாற்பது வயதாகும் முன்பே இனிப்பு நீர் வந்துவிட்டது. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று கிளினிக்கில் டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். அவனுக்கு ஷிப்டு வேலை. வீடு திரும்பினால் இருட்டியிருக்கும், இல்லையென்றால் மழை கொட்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, ஜிம்மும் திடலும் மூடிக் கிடந்த காலத்தில் பலர் ஆசையாக டிரெட்மில் வாங்கிப் போட்டார்கள். பிறகு அதில் துணி காயப்போட்டார்கள். பிறகு இணையத்தில் பழைய விலைக்கு விற்றார்கள். அப்படி வந்த ஒன்றைத்தான் தம்பி 600 வெள்ளிக்கு வாங்கினான்.

கையேடு கிடையாது. பாதுகாப்புச் சாவியும் தொலைந்து போயிருந்தது. விற்றவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: ஐஸ் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை அந்த இடத்தில் வைத்தால் போதும், ஓடும். தம்பியும் சுற்றுலா போனபோது வாங்கிய பினாங்குப் பாலம் படம் போட்ட காந்தத்தை எடுத்து வைத்துவிட்டான். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

மெஷினை ஹாலில் டிவியைப் பார்த்தபடி போட்டான். தாமான் வீட்டு ஹாலில் வேறு எங்கே போட முடியும்? அதன் பின்பக்கம் அடுக்களைக்குப் போகும் வழி. அன்று மாலை ஆறரை மணி இருக்கும். எங்கள் அம்மா அடுக்களையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தம்பி மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. தம்பி காதில் இயர்போனோடு வேகமாக நடந்துகொண்டிருந்தான். குழந்தை பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து டிரெட்மில்லின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தாள்.

அலறல் கேட்டுத் தம்பி குதித்து இறங்கினான். அவன் இறங்கிவிட்டான், மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போய்ப் பொத்தானை அழுத்துவதா, குழந்தையைப் பிடித்து இழுப்பதா என்று அவனுக்குக் கைகால் ஓடவில்லை. அம்மாதான் மாவுக் கையோடு ஓடி வந்து சுவர் சுவிட்சைத் தட்டினார். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருக்கலாம் என்கிறான்.

"நாங்க பார்த்துக்கிட்டுத்தான்க்கா இருந்தோம்." இதை அவன் இன்றைக்கும் சொல்கிறான். பொய்யில்லை. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள், இருவரும் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில். அதனால்தான் "பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வழக்கமான புத்திமதியோடு இந்த விஷயத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. டிரெட்மில்லில் நடப்பவர் முன்னால் பார்க்கிறார், ஆபத்து பின்னால் இருக்கிறது. காதில் பாட்டு, கண்ணெதிரே டிவி, காலடியில் மோட்டார் இரைச்சல். எவ்வளவு பாசமுள்ள அப்பாவுக்கும் முதுகில் கண் கிடையாது.

கை ஏன் உள்ளே போகிறது?

டிரெட்மில் என்பது இரண்டு உருளைகள், அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட், முன்பக்கம் ஒரு மோட்டார். அவ்வளவுதான். நாம் மிதிக்கும் மேல்பக்கம் முன்னாலிருந்து பின்னால் ஓடுகிறது. கடைசியில் உருளையைச் சுற்றிக் கீழே இறங்கி, அடிப்பக்கமாக மறுபடியும் முன்னால் போகிறது. ஆகவே பின்முனையில் எது தொட்டாலும் அதைக் கீழே இழுத்து அடியில் தள்ளுவதுதான் அந்தப் பெல்ட்டின் வேலை. பந்து போனாலும் இழுக்கும், பூனை வால் போனாலும் இழுக்கும், பிள்ளையின் கை போனாலும் இழுக்கும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நமக்குச் சற்று வேகமான நடை. அந்த வேகத்தில் ஒவ்வொரு விநாடியும் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான சொரசொரப்பான பெல்ட் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறது. பெரியவர் கை பட்டால் சுரீர் என்று உதறி எடுத்துவிடுவார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேகமும் கிடையாது, பலமும் கிடையாது. உருளைக்கும் சட்டத்துக்கும் இடையில், அல்லது பெல்ட்டுக்கும் தரைக்கும் இடையில் கை மாட்டிக்கொண்டால், நிறுத்தும்வரை அதே தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். 80, 100 கிலோ ஆளைச் சுமந்து ஓடுவதற்கென்று செய்த மோட்டார் அது. பத்து கிலோ பிள்ளையின் எதிர்ப்பு அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

இதைச் சிராய்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. தேய்ப்பினால் உண்டாகும் சூடும் சேர்ந்து சுடுகிறது. மருத்துவர்கள் இதை உராய்வுத் தீக்காயம் என்கிறார்கள். வெந்நீர் கொட்டிய காயம் பெரும்பாலும் பரவலாக இருக்கும். இது சிறிய இடத்தில் ஆழமாக இறங்கும். தோலைத் தாண்டித் தசைநார் வரைகூடப் போவதுண்டு. சிறு பிள்ளைகள் எதையும் உள்ளங்கையை விரித்தே தொடுவார்கள் என்பதால், காயம் பெரும்பாலும் உள்ளங்கையிலும் விரல்களின் உள்பக்கத்திலும்தான்.

இன்னொன்று, இந்தக் காயம் பார்ப்பவரை ஏமாற்றும். ரத்தம் அதிகம் வராது. வெள்ளையாகவோ மெழுகு போலவோ தெரியும். ஆழமாகச் சுட்ட இடத்தில் நரம்பும் சேர்ந்து போய்விடுவதால், சிறிது நேரத்தில் பிள்ளை அழுகையைக்கூட நிறுத்திவிடும். எங்கள் பிள்ளையும் அன்று இரவு தூங்கிவிட்டாள். "பெருசா ஒண்ணுமில்ல" என்று நாங்கள் தெம்பாகிவிட்டோம். முதலில் காட்டிய கிளினிக்கில் சுத்தம் செய்து, மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோதுதான் விரலடியில் தோல் கறுத்துப் போயிருந்தது தெரிந்தது. பிறகு பெரிய மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, தொடை இடுக்கிலிருந்து தோல் எடுத்து ஒட்டியது எல்லாம் நடந்தன.

அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. காயம் ஆறிய தழும்பு சுருங்கும் தன்மை உடையது. பிள்ளையின் எலும்பு வளர்கிறது, தழும்பு அதே அளவுக்கு வளர்வதில்லை. விளைவு, விரல்கள் உள்நோக்கி மடங்கிக்கொள்கின்றன. இதைத் தடுக்க இரவில் விரல்களை நிமிர்த்திக் கட்டும் பட்டி, பகலில் தழும்பை அழுத்திப் பிடிக்கும் கையுறை, நாளுக்குப் பல முறை எண்ணெய் தடவி நீவி விடுவது என்று மாதக்கணக்கில் ஓடும். இரண்டு வயதுப் பிள்ளை பட்டியைப் போட விடுமா? தம்பி மனைவி பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தில் கட்டுவாள். வளர வளர இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பத்து விநாடிக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் விலை இது.

கத்தியைக் கூரையில் செருகியவர்கள்

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். அப்பா பால்மரம் வெட்டினார். மரம் சீவும் கத்தி எவ்வளவு கூர்மை என்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். அந்தக் கத்தி ஒருநாளும் தரையில் கிடந்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் கூரைச் சட்டத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் செருகிவிட்டுத்தான் அப்பா குளிக்கப் போவார். பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டுப் பக்கமே வரக்கூடாது. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் மரம் வெட்டப் போய்விடுவார்கள், நாங்கள் ஆயாக்கொட்டகையில் கிடப்போம். எந்நேரமும் கண்ணால் காவல் காக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பொருளை எட்டாத இடத்தில் வைத்தார்கள்.

பட்டணத்துக்கு வந்த நாம் அந்தப் பழக்கத்தை எப்படியோ விட்டுவிட்டோம். மெஷினை ஹால் நடுவில் வைத்துவிட்டு, பிள்ளையை "அங்க போகாத" என்கிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று பல வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தோட்டத்திலிருந்து வந்த பாட்டி தாத்தாதான். அவர்களுக்கு அந்த மெஷினை எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் அம்மா சுவர் சுவிட்சைத் தட்டியது அவராக யோசித்துச் செய்தது. அது மட்டும் தோன்றாமல் போயிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

மெஷின் மலிவானது, பழையது, அதனால்தான் இப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். விலை உயர்ந்ததும் இதில் விலக்கல்ல. அமெரிக்காவின் பெலோட்டன் நிறுவனம் விற்ற டிரெட் பிளஸ் என்ற டிரெட்மில் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ளது. அதன் பின்முனையில் பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இழுக்கப்படுவதாகப் புகார்கள் வந்தன. 2021 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மக்களை எச்சரித்தது. நிறுவனம் முதலில் மறுத்துப் பேசியது. மே 5-ஆம் தேதி இறங்கி வந்து, சுமார் 125,000 இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்குள் 6 வயதுப் பிள்ளை ஒன்று இறந்துவிட்டது. பிள்ளைகள் காயமடைந்ததாக மட்டும் 29 புகார்கள். ஆபத்தை உடனே தெரிவிக்காததற்காக 2023-இல் அந்த நிறுவனம் 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்ட நேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் விற்கும் டிரெட்மில்களில், சிறு பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், கடுமையான உராய்வுத் தீக்காயம் ஏற்படும் என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். தம்பி வாங்கிய மெஷினில் ஒட்டியிருந்த வாசகங்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன.

சாவி, பிளக், இடம்

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சாவி. வீட்டு டிரெட்மில்களில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு கயிறும் கிளிப்பும் சேர்ந்த சாவி இருக்கும். அது இல்லாமல் பெல்ட் ஓடாது. நடக்கும்போது கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும், தடுமாறினால் சாவி கழன்று மெஷின் நிற்கும். எத்தனை பேர் மாட்டுகிறார்கள்? நடந்து முடித்ததும் சாவியை எடுத்துக் கார்ச் சாவியோடு மாட்டிவிடுங்கள். மெஷின் மேலேயே விட்டால் அது சாவி அல்ல, அலங்காரம். தொலைந்துவிட்டால் காந்தம் தேடாதீர்கள், அந்த மாடலுக்குரிய சாவியை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினைப் பயன்படுத்த வேண்டாம்.

சாவியின் கயிற்றையும் தொங்க விடக்கூடாது. 2009 மே மாதம் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் 4 வயது மகள் வீட்டிலிருந்த டிரெட்மில்லில் தொங்கிய கயிற்றில் கழுத்து மாட்டி இறந்துபோனாள். அப்போது பெல்ட் ஓட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. கயிறு, இழுவிசைப் பட்டை, கம்பிவட இழுப்பான் என்று தொங்குகிற எதுவும் பிள்ளைக்குத் தூக்குக் கயிறாகலாம்.

அடுத்து பிளக். நடந்து முடித்த கையோடு சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி விடுங்கள். சாவியை எங்காவது மறந்து வைத்தாலும் பிளக் காப்பாற்றும், பிளக்கை மறந்தால் சாவி காப்பாற்றும். மடக்கி நிறுத்தும் வகையாக இருந்தால் கொக்கி 'டக்' என்று விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். நிமிர்த்தி நிறுத்திய அந்தத் தளம் பிள்ளை மேல் சாய்ந்தால் அதுவும் பெரிய விபத்துதான்.

மூன்றாவது இடம். கதவு பூட்டக்கூடிய ஓர் அறையே சிறந்தது. மெஷினின் பின்னால் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி அளவுக்கு வெற்றிடம் வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டால் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார், பெரியவருக்கும் இதே கதிதான். ஹாலில்தான் போட வேண்டும் என்றால், நடப்பவர் டிவியைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுங்கள், பின்பக்கத்தைச் சுற்றிப் பிள்ளைத் தடுப்பு வையுங்கள். இயர்போன் வேண்டாம். பிள்ளை தூங்கும் நேரம், அல்லது இன்னொருவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் நேரம் பார்த்து நடங்கள். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பது வேறு, மடியில் வைத்திருப்பது வேறு.

பி.பி.ஆர் அடுக்குமாடி வீட்டில் தனி அறை ஏது, தடுப்பு வைக்க இடம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் கருத்து இதுதான்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்து, கதவு போட்ட தனி இடமும் இல்லை என்றால், மோட்டார் வைத்த மெஷின் வேண்டாம். கீழே இறங்கிக் கட்டடத்தை நான்கு சுற்றுச் சுற்றினாலே டாக்டர் சொன்ன அரை மணி நேரம் ஓடிவிடும். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கி நடக்கலாம். காசும் மிச்சம்.

இன்னும் இரண்டு சிறு விஷயம். நாம் வீட்டுக்குள் செருப்புப் போடாதவர்கள். வெறுங்காலோடு டிரெட்மில்லில் ஏறித் தடுக்கி விழுந்து முழங்காலும் முகமும் தேய்த்துக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. உடற்பயிற்சிக்கென்று வீட்டுக்குள் ஒரு ஜோடி காலணி வைத்துக்கொள்வதில் தவறில்லை. நீண்ட பின்னலையும் துப்பட்டாவையும் முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும், சுழலும் எதற்கும் தொங்கும் துணியும் முடியும் தீனி.

மற்றக் கருவிகள்

உடற்பயிற்சி சைக்கிள் டிரெட்மில்லைவிடச் சாதுவாகத் தெரியும். ஆனால் விரல் நுனி துண்டாவது பெரும்பாலும் இதில்தான். காட்சி எப்போதும் ஒன்றுதான்: அக்கா மேலே ஏறி மிதிக்கிறாள், தம்பி கீழே உட்கார்ந்து சுழலும் சக்கரத்தில் விரலை விடுகிறான். கனமான சக்கரம் வைத்த சைக்கிள்களில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது, பெடலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். சங்கிலியும் சக்கரமும் முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பழையதாக வாங்கும்போது அந்த மூடிதான் முதலில் காணாமல் போயிருக்கும். மூடி இல்லாத சைக்கிளைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் பிரேக் குமிழை முழுதாக இறுக்கி வையுங்கள்.

டம்பெல்லைத் தரையில் உருள விடாதீர்கள். ஐந்து கிலோ இரும்பு ஓடு பதித்த தரையில் உருண்டு வந்து பிள்ளையின் கால்விரலில் ஏறினால் எலும்பு நொறுங்கும். அலமாரியின் மேல்தட்டில் வைப்பதும் தப்பு, எட்டி இழுத்தால் தலையில் விழும். தரையோடு இருக்கும் கனமான பெட்டியில் போட்டுப் பூட்டுவதே நல்லது. பளு தூக்கும் பெஞ்சில் கம்பியை எடையோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு பக்கத்து எடையைப் பிள்ளை கழற்றினால் போதும், மறுபக்கம் சாய்ந்து கம்பி முழுதும் கவிழும். ரப்பர் இழுவைப் பட்டைகள் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெடிப்பு விடும், அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும். கதவு நிலையில் மாட்டும் கம்பியைப் பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல்.

நடந்துவிட்டால்

டிரெட்மில்லில் பிள்ளையின் கை மாட்டினால், முதலில் சாவிக் கயிற்றை இழுங்கள், அல்லது சுவர் சுவிட்சை அணையுங்கள். குதித்து இறங்கினால் மெஷின் நிற்காது. சில மெஷின்களில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் பெல்ட் மெதுவாக வேகம் குறைந்துதான் நிற்கும், சாவியை உருவினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும். பெல்ட் நிற்பதற்கு முன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நின்ற பிறகும் கை வரவில்லை என்றால் முரட்டுத்தனமாக இழுக்காமல் 999-க்கு அழைத்து, மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயணைப்பு மீட்புத் துறையினர் இதற்கெல்லாம் வருவார்கள்.

கை வெளியே வந்ததும் காப்பு, வளையல், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். சாமிக் கயிறு என்று தயங்க வேண்டாம். சிறிது நேரத்தில் கை வீங்கிவிடும், பிறகு கழற்றுவது சிரமம். அடுத்து, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓட விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பிள்ளை உடல் நடுங்கினால் மற்றப் பாகங்களைத் துண்டால் போர்த்திக்கொள்ளுங்கள். பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பற்பசை, கீச்சாப், மஞ்சள், எண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். எங்கள் அம்மா பற்பசை தடவத்தான் ஓடினார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கையைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டு போனார். அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டு போக வேண்டும். துண்டு நேராக ஐஸில் படக்கூடாது, பட்டால் திசு செத்துவிடும்.

டாக்டரிடம் "மெஷின்ல கை பட்டுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடும் டிரெட்மில், சுமாராக இன்ன வேகம், இத்தனை விநாடி மாட்டியிருந்தது என்று சொல்லுங்கள். ஆழத்தைக் கணிக்க அது உதவும். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஜன்னி ஊசி போட்ட விவரம் கேட்பார்கள். காயம் உள்ளங்கையிலோ விரலிலோ இருந்து, வெள்ளையாகத் தெரிந்தால், கிளினிக்கில் கட்டுப்போட்டு அனுப்பினாலும் "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நாங்கள் கேட்கவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவை ஒரு நாள் மெஷின் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் மெதுவாக நடந்துகொண்டே, அவர்கள் கையாலேயே ஒருமுறை சாவியை இழுக்கச் சொல்லுங்கள். வாயால் நூறு தடவை சொல்வதைவிட அது மனதில் நிற்கும். வீட்டுப் பணிப்பெண் இருந்தால் அவருக்கும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, பிறந்தநாள் என்று பிள்ளைகள் கூட்டமாக வரும் நாளில் அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிப் பிள்ளைக்கு உங்கள் வீட்டுச் சட்டம் எதுவும் தெரியாது.

தம்பி அந்த டிரெட்மில்லை விற்றுவிடலாம் என்று இணையத்தில் போட்டிருந்தான். கிள்ளானிலிருந்து ஒருவர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார், மனைவியும் கூட வந்திருந்தார், இடுப்பில் ஒரு பிள்ளை, ஒரு வயதிருக்கும். விலை பேசி முடித்துப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தம்பி உள்ளே போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கையைக் காட்டும்மா அங்கிளுக்கு" என்றான். அவள் விரித்துக் காட்டினாள், விரிந்த அளவுக்கு. அந்த அம்மா தன் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மெஷின் இன்னும் தம்பி வீட்டு ஸ்டோர் அறையில்தான் கிடக்கிறது. அன்று சாயங்காலமே அதன் வயரைப் பிளக்கோடு வெட்டி எடுத்துவிட்டான். பழைய இரும்புக்காரர் வந்தால் கொடுக்க வேண்டும். மாலையில் அப்பாவும் மகளும் தாமான் திடலில் நடக்கிறார்கள். பந்தை அவள்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள், இடது கையில்.